சிரித்த வாசகருக்கு ஒரு பெருவிழா

ஞானப்பிரவாகம் வாசிகசாலையில் முதன்முதலாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு. நேரத்தை நான் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. நூலகப் பொறுப்பாளர் வினோஜா நாளாந்தப் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறாள். "10.20. சிரிப்பு. ஒருவர். ஆண்." அதற்கு மேலே "9.05. மின்சாரம் நின்றது" என்றும், கீழே "11.00. மின்சாரம் வந்தது" என்றும் இருக்கிறது. இருட்டைப் பயன்படுத்திச் சிரித்திருக்கிறார் என்று பிற்பாடு வாசிகசாலைக் குழு சந்தேகப்பட்டதற்கு இதுதான் ஆதாரம்.

பகல் பத்து மணிக்கு ஏன் இருட்டு என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். எங்கள் வாசிகசாலை நீர்வேலிக்கும் கோப்பாய்க்கும் நடுவே வாழைத் தோட்டங்களுக்குள் நிற்கிறது. மூன்று தரம் அடிக்கல் நாட்டி, ஐந்து தரம் திறந்து வைத்த கட்டிடம். எட்டுப் பெயர்க்கல்லையும் சுவரில் பதித்த பிறகு யன்னல் வைக்க இடம் இல்லாமல் போய்விட்டது. நானும் அதன் ஆயுட்கால உறுப்பினன் என்பதால் இதற்கு மேல் குறை சொல்லமாட்டேன்.

சிரித்தவர் பெயர் இளையதம்பி. வாழை செய்கிறவர். பேப்பர் பார்க்கக்கூட அந்தப் படி ஏறாத மனிதர். கலியாண வீட்டுக்கோ கோவிலுக்கோ குலையோடு வாழை வேண்டுமென்றால் நாங்கள்தான் அவரைத் தேடிப் போவோம். அப்படிப்பட்டவர் வாசிகசாலைக்குள் வந்ததற்குக் காரணம் அவருடைய மனைவி சுவர்ணா.

சித்திரை மாதம் ஒரு காலை சுவர்ணா வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடப்பக்கத்தால் தானாக வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் முகத்தின் இடது பாதி இன்னும் எழும்பாமல் படுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் முகவாதம் என்றார்கள். பயப்படவேண்டாம், மாறிவிடும், ஆனால் பயிற்சி செய்யவேண்டும் என்றார்கள். பயிற்சி சொல்லிக் கொடுத்த பெண் கன்னத்தை ஊதச் சொன்னாள், புருவத்தை உயர்த்தச் சொன்னாள், நாளுக்கு நாலு தரம் நன்றாகச் சிரிக்கச் சொன்னாள். மூன்று மாதத்துக்குள் இடப்பக்கம் அசைந்துவிட்டால் நல்லது என்றும் சொன்னாள். ஊதுவதும் உயர்த்துவதும் ஒழுங்காக நடந்தன. மூன்றாவதுதான் இடறியது.

"காரணம் இல்லாமல் கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு சிரிக்கிறதுக்கு நான் என்ன விசரியே?" என்று கேட்டுவிட்டாள் சுவர்ணா.

நியாயமான கேள்வி. காரணம் இருந்தபோது சிரித்த சிரிப்பு ஊருக்கே தெரியும். கிணற்றடியில் நின்று சிரித்தால் தோட்டத்தின் கடைசி வரம்பில் மண்வெட்டியோடு நிற்கிற இளையதம்பிக்குக் கேட்கும். முப்பத்திரண்டு வருடம் கேட்ட சத்தம். இப்போது அவள் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, வாசல் படலையைத் தாண்டி வெளியே வருவதில்லை. இளையதம்பி பயந்துபோனார். அவருக்கு இரண்டு பகிடிகள் தெரியும், இரண்டும் சுவர்ணா சொல்லித் தந்தவை. இடது கண் மூடாமல் நீர் வடிந்தபடி இருந்ததால் கைபேசி, தொலைக்காட்சி வெளிச்சம் ஆகாது என்று டொக்டர் தடுத்துவிட்டார். பட்டினத்துப் புத்தகக் கடைகளில் இளையதம்பி சிரிப்புப் புத்தகம் கேட்டார். சோதனைப் பயிற்சிப் புத்தகங்கள்தான் இருந்தன.

அப்போதுதான் யாரோ வாசிகசாலையைச் சொன்னார்கள். கனடாவில் இருக்கும் எங்கள் ஊரவர் ஒருவர் அனுப்பிய பெட்டியில் "கோடும் கொட்டாவியும்" என்றொரு கேலிச்சித்திரத் தொகுப்பு வந்திருந்தது. இளையதம்பி அதை வாசலடி வெளிச்சத்தில் விரித்தார். முப்பத்தேழாம் பக்கத்தில் சிரித்தார். சிரித்த கையோடு, வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று வினோஜாவிடம் கேட்டார்.

கொண்டுபோக முடியாது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு சிரிப்புப் படப் புத்தகத்தை இரவல் கொண்டுபோன உறுப்பினர் ஒருவர், உள்ளே இருந்த வழுக்கைத் தலை ஒன்றுக்குக் கீழே நிர்வாகத் தலைவரின் பெயரைப் பேனாவால் எழுதித் திருப்பித் தந்திருந்தார். அன்றிலிருந்து ஒரு விதி. நகைச்சுவைச் சித்திர நூல்களை மூன்று வாசகர்கள் வாசிகசாலையிலேயே இருந்து வாசித்து, எழுத்தில் கருத்துத் தந்த பின்னர்தான் இரவல் கொடுக்கலாம். இந்த மூன்று வருடத்தில் ஒரு கருத்துக்கூட வரவில்லை. நகைச்சுவை நூல்கள் தொடர்பாக எந்த முறைப்பாடும் இல்லை என்று நிர்வாகம் ஆண்டறிக்கையில் பெருமையாக எழுதியது.

வினோஜா நல்ல பிள்ளை. தான் ஒரு கருத்து எழுதுவதாகவும், கூட்டித் துடைக்க வரும் உதயகலா ஒன்று எழுதுவாள் என்றும், அவர் ஒன்று எழுதினால் அடுத்த நாளே புத்தகத்தைக் கொண்டுபோகலாம் என்றும் சொன்னாள். இளையதம்பி கருத்துப் புத்தகத்தை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, முத்து முத்தாக ஒரே ஒரு சொல் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

"சிரிச்சன்."

அடுத்த நாள் காலை வினோஜா வருவதற்கு முன்பே தலைவர் சோமசேகரம் வந்துவிட்டார். ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. ஓய்வு பெற்றது பதவிதான், அவர் அல்ல. கருத்துப் புத்தகத்தைத் திறந்து அந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். கேலிச்சித்திரப் புத்தகத்தை எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பைத் தன் பையில் போட்டுக்கொண்டார். விசாரணையில் இருக்கும் பொருளை வேறு யாரும் வாசிக்கக்கூடாது என்றார். வினோஜாவின் கருத்தும் உதயகலாவின் கருத்தும் அதோடு நின்றுவிட்டன.

விசாரணைக்கு வரும்படி இளையதம்பிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போனது. தபால்காரர் அதைக் கொடுத்தபோது சோமசேகரமும் அந்தப் படலையடியில்தான் நின்றார், இதரை வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்குவதற்கு. கடிதத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அலுவலக விஷயத்தை வழியில் நின்று கதைப்பது அழகல்ல என்பது அவருடைய கொள்கை.

சனிக்கிழமை கருத்தாய்வுக் குழு கூடியது. தலைவர் சோமசேகரம், செயலாளர் பத்மாவதி ரீச்சர், இன்னும் ஐந்து பேர். பார்வையாளராக நானும் பின்வாங்கில் இருந்தேன். இளையதம்பி தோய்த்த வேட்டி உடுத்து, நெற்றியில் திருநீறு பூசி, கோவிலுக்கு வந்தவர் மாதிரி நின்றார்.

"நீர் எத்தினையாம் பக்கத்திலை சிரிச்சனீர்?" என்று தொடங்கினார் தலைவர்.

"முப்பத்தேழாம் பக்கத்திலை ஐயா."

"முதலே சிரிக்கிற எண்ணத்தோடை வந்தனீரோ, இல்லாட்டிப் படத்தைப் பாத்த பிறகு வந்ததோ?"

இளையதம்பி இதுவரை அப்படிப் பிரித்து யோசித்ததில்லை. படத்தைப் பார்த்த பிறகுதான் என்றார். பத்மாவதி ரீச்சர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு புத்தகத்தை அலுமாரியிலிருந்து எடுத்து, முப்பத்தேழாம் பக்கத்தை எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

படம் இதுதான். ஒரு கிராமத்தில் தண்ணீர்க் குழாய்த் திறப்பு விழா. குழாயைவிடப் பெரிய பெயர்க்கல். ஏழு பிரமுகர்கள் கழுத்தில் மாலையோடு நிற்கிறார்கள். பின்னால் வெறுங்குடத்தோடு ஒரு பெண், தண்ணீர் எப்போது வரும் என்று கேட்கிறாள். பிரமுகர் ஒருவர் திரும்பிப் பார்த்து, "அதற்கு வேறு விழா" என்கிறார்.

குழு வெகுநேரம் பார்த்தது. கடைசியில் சோமசேகரம் நிமிர்ந்தார்.

"இதிலை சிரிக்கிறதுக்கு என்ன கிடக்கு? குழாய்க்கு ஒரு விழா, தண்ணிக்கு ஒரு விழா. ரெண்டையும் ஒரே நாளிலை வைச்சால் அதிதியளை எப்பிடிப் பிரிக்கிறது? நடைமுறை தெரிஞ்ச ஆள்தான் கீறியிருக்கு."

அழைப்பிதழ் இல்லாமல் அந்தப் பெண் குடத்தோடு வந்ததுதான் பிழை என்று பத்மாவதி ரீச்சர் சொன்னார். மற்ற ஐந்து பேரும் தலையாட்டினார்கள். இளையதம்பி மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, என்ரை மனிசிக்கு வாய் ஒரு பக்கம் இழுத்துப்போட்டுது. சிரிச்சால்தான் மாறுமாம். புத்தகத்தை ஒரு கிழமைக்குத் தந்தியளெண்டால் காணும்."

"அது உம்மடை தனிப்பட்ட விஷயம், இளையதம்பி," என்றார் சோமசேகரம் அன்பாக. "இது இலக்கியம்."

இரண்டாவது கூட்டத்தில் புதுப் பிரச்சினை ஒன்று முளைத்தது. படத்தில் இடமிருந்து மூன்றாவதாக நிற்கும் பருத்த பிரமுகர் தானேதான் என்றும், தன் மனம் புண்பட்டுவிட்டது என்றும் சோமசேகரம் அறிவித்தார். குழு உறுப்பினர் ஒருவர் உடனே எழுந்து, அந்த மீசை தன்னுடையது, ஆகவே புண்பட வேண்டியவர் தானே என்றார். இன்னொருவர் வயிற்றைக் காட்டி உரிமை கோரினார். படம் கீறியவர் எங்கள் ஊரின் பெயரைக் கேட்டிருக்கவே வழியில்லை என்று வினோஜா சொல்லிப் பார்த்தாள். படத்தில் இருக்கும் தகுதி எங்கள் ஊரவருக்கு இல்லை என்கிறாளா என்று மூவரும் அவள்மேல் பாய்ந்தார்கள். அடுத்தடுத்து இரண்டு கூட்டம் இதிலேயே போனது. முடிவில், ஏற்பட்ட மனவேதனையைக் குழு உறுப்பினர்கள் சமமாகப் பகிர்ந்துகொள்வது என்று ஒத்துக்கொண்டார்கள். பத்மாவதி ரீச்சர் பெண் என்பதால் படத்தில் அவருக்கு இடமில்லை. ஆனாலும் அவருக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது.

அன்றைக்குத்தான் ஏழாம் இலக்கத் தீர்மானமும் பிறந்தது. இதுபோன்ற புத்தகங்கள் வேறு அலுமாரிகளிலும் ஒளிந்திருக்கலாம் என்று தலைவருக்குப் பயம் பிடித்துவிட்டது. எது நகைச்சுவைச் சித்திர நூல் என்று தான் எப்படிக் கண்டுபிடிப்பது என்று வினோஜா பணிவாகக் கேட்டாள். சோமசேகரம் கண்ணை மூடி, கையை உயர்த்தி, எழுதிக்கொள்ளும்படி சொன்னார்.

"படம் உள்ள எந்தவொரு நூலையேனும் பார்த்துச் சிரித்ததாக ஒரு வாசகர் தன் கைப்பட எழுதுவாராயின், அந்நூல் எக்காலத்தும் நகைச்சுவைச் சித்திர நூலாகவே கொள்ளப்படும். இத்தீர்மானத்தைத் தலைவரும் மாற்ற இயலாது."

கடைசி வசனம் அவராகவே சேர்த்தது. தான் சர்வாதிகாரி அல்ல என்று காட்டுவதற்காக. வினோஜா அதை வடிவான எழுத்தில் எழுதிக் கையோடு அவரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டாள்.

இதற்கிடையில் இரண்டு மாதம் ஓடிவிட்டது. இளையதம்பி ஒரு பின்னேரம் பொறுக்க முடியாமல் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் அந்த முப்பத்தேழாம் பக்கத்தைத் தானே கீறினார். மண்வெட்டி பிடிக்கிற கை. பென்சில் இரண்டு தரம் முறிந்தது. ஏழு பிரமுகரையும் வரிசையாக நிறுத்தி, மாலை போட்டு, சுவர்ணாவிடம் கொண்டுபோய் நீட்டினார்.

அவள் தாளைத் தூரப்பிடித்துப் பார்த்தாள். கிட்டப்பிடித்துப் பார்த்தாள்.

"இந்த முறை குலை நல்லாத் தள்ளியிருக்கு," என்றாள்.

அவரைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னாள். வலப்பக்கத்து உதடு கொஞ்சம் மேலே போனது. இடப்பக்கம் இருந்த இடத்திலேயே இருந்தது. இளையதம்பி தாளை வாங்கி மடித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய், தேவையில்லாத இடத்தில் ஒரு பாத்தி கட்டினார்.

ஆனியில் குழு தன் இறுதி முடிவை அறிவித்தது. "சிரிச்சன்" என்பது கருத்தாகாது, அது ஒப்புதல் வாக்குமூலம். கருத்து என்றால் பொதுமேடையில் ஒலிவாங்கிக்கு முன்னால் சொல்லப்படவேண்டும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு வாசகர் கருத்துரைப் பெருவிழா. கருத்துரைஞர் இளையதம்பி. விழா மலர் ஒன்று வெளியாகும், அதற்கு அவருடைய கடவுச்சீட்டு அளவுப் படம் ஒன்று தேவை. வாசலில் கட்டுவதற்குக் குலையோடு வாழை இரண்டும் அவரே கொண்டுவருவார். இதில் கடைசி விஷயத்தை மட்டும்தான் அவரிடம் நேரில் வந்து கேட்டார்கள்.

"விழா முடியப் புத்தகம் கிடைக்குமோ ஐயா?"

"மேடையிலை வைச்சே வழங்கப்படும்," என்றார் சோமசேகரம். யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. இளையதம்பியும் கேட்கவில்லை. இன்னும் இரண்டு கிழமையில் முற்றக்கூடிய இரண்டு குலைகளை மரத்தோடு வெட்டிக்கொண்டு போய்க் கட்டினார்.

இரண்டு மணி விழா மூன்றேகாலுக்குத் தொடங்கியது. எங்கள் ஊரில் அது நேரத்தோடு தொடங்கியதாகவே கணக்கு. பிரதம விருந்தினர் சண்முகநாதன் அவர்களையும், கருத்துரைஞர் இளையதம்பியையும் சந்தியிலிருந்து மாலை போட்டு, நாதஸ்வரம் மேளத்தோடு அழைத்து வந்தார்கள். அந்தப் பாதை இளையதம்பியின் வீட்டைத் தாண்டித்தான் வருகிறது. மாலையும் கழுத்துமாகத் தன் படலையைக் கடந்தபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார். பலியிடும் பட்டியலில் அடுத்த ஆடு தான்தான் என்று தெரிந்தவர் போல இருந்தது அவர் நடை.

மங்கல விளக்கேற்றல், இறைவணக்கம், மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை மூன்று, வாழ்த்துரை ஆறு, நயப்புரை இரண்டு. ஒருவரும் புத்தகத்தைத் திறக்கவில்லை, ஏனென்றால் அது தங்க நிறத் தாளில் சுற்றி, சிவப்பு றிபனால் கட்டி, தட்டில் வைக்கப்பட்டிருந்தது. நயப்புரை நிகழ்த்தியவர் றிபனை நயந்தார்.

பிறகு பிரதி வழங்கல். விழா என்றால் முதற்பிரதி, சிறப்புப் பிரதி, கௌரவப் பிரதி எல்லாம் வழங்கியாகவேண்டும். வாசிகசாலையில் இருந்ததோ ஒரே ஒரு புத்தகம். அதற்காக மரபை மாற்ற முடியுமா? முதற்பிரதியை ஒருவர் வாங்கிப் படம் எடுத்துக்கொண்டு, மேடைக்குப் பின்னால் உதயகலாவிடம் கொடுப்பார். அவள் ஓடிப்போய் மறுபக்கத்தால் அதைத் தட்டில் வைப்பாள். சிறப்புப் பிரதி. மறுபடியும் ஓடுவாள். இப்படி இருபத்துமூன்று பேர் அந்த ஒரே புத்தகத்தைப் பெற்றுக்கொண்டார்கள். பதினேழாமவர் கையில் தாள் மூலையில் கிழிந்தது. ஒட்டுநாடா தேடும்வரை நாதஸ்வரம் வாசிக்கப்பட்டது. நானும் பத்தொன்பதாவதாகப் பெற்றுக்கொண்டேன். அதை மறைத்து இந்தக் கதையைச் சொல்லக்கூடாது.

பிரதம விருந்தினர் சண்முகநாதன் ஐம்பது நிமிடம் பேசினார்.

"இந்த நூலை நான் வாசிக்கவில்லை. வாசித்தால் என் நடுநிலை கெட்டுவிடும். சிரிப்பு என்பது மிகவும் பாரதூரமான விடயம். நான் என் வாழ்நாளில் இரண்டு தடவை சிரித்திருக்கிறேன். இரண்டும் பதவி ஏற்பதற்கு முன்னர். மக்கள் சிரிக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எப்போது, எதற்கு, எவ்வளவு என்பதைத் தகுதியானவர்கள் தீர்மானித்து அறிவிக்கும்வரை பொறுமை காக்கவேண்டும் என்றுதான் கேட்கிறோம்."

பெரிய கைதட்டல். அவர் அடுத்த விழாவுக்குப் போகவேண்டியிருந்ததால், சோமசேகரம் அவருக்குப் பொன்னாடை போர்த்தி நினைவுப் பரிசும் வழங்கினார். அதற்குப் பிறகுதான் இளையதம்பியைக் கூப்பிட்டார்கள். நேரத்தின் அருமை கருதி ஒரு நிமிடம் தரப்படும் என்று ஒலிவாங்கியில் சொன்னார்கள். 'சிரிச்சன்' என்று மட்டும் சொல்லிவிடாமல் 'பயன்பெற்றேன்' என்று சொல்லும்படி சோமசேகரம் அவர் காதுக்குள் குனிந்து சொன்னார்.

இளையதம்பி ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்தார்.

"நான் சிரிச்சனான். அது உண்மை. என்ரை மனிசியும் ஒருக்காச் சிரிச்சால் எனக்குக் காணும். அந்தப் புத்தகத்தை இப்ப தந்தியளெண்டால் நான் வீட்டை போறன்."

தட்டைப் பார்த்தார். தட்டு வெறுமையாக இருந்தது. வாசலில் கார் ஒன்று புறப்படுகிற சத்தம் கேட்டது. பின் இருக்கையில் சண்முகநாதன் அவர்களின் மடியில் தங்க நிறத் தாள் மினுங்கியது.

"அவ்வளவு பெரிய மனிசனை வெறுங்கையோடை அனுப்பிறதே?" என்றார் சோமசேகரம். "உமக்கு மலர் கிடக்கு. அதிலையும் படம் இருக்குத்தானே."

கடைசியில் தனக்கும் போர்த்திய பொன்னாடையும் மலருமாக இளையதம்பி படியிறங்கினார். வாசலில் கட்டியிருந்த தன் குலை இரண்டையும் யாரோ ஏற்கனவே வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அவர் யாரையும் ஏசவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. கைதட்டியவர்களில் நானும் ஒருவன் என்பதால் அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மிச்சத்தை அவரே எனக்குச் சொன்னார். மறுநாள் காலை இளையதம்பி குசினி வாசலில் இருந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த சுவர்ணா, மனிதன் இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த ஒன்றைப் பார்க்காமல் விடக்கூடாதே என்று மலரைப் புரட்டினாள். அறுபத்துநாலு பக்கம். முப்பத்தொரு ஆசிச்செய்தியும் வாழ்த்துச்செய்தியும். ஒவ்வொரு செய்திக்கும் மேலே, பல்வலிக்காரர் போல ஒரு முகம். வேறொரு விழாவுக்கு எழுதியதை அப்படியே அனுப்பிய ஒருவர், இந்த மாட்டுத் தீவன நிலையம் மேன்மேலும் தழைத்தோங்க வாழ்த்தியிருந்தார். சுவர்ணாவின் வலப்பக்கத்து உதடு ஒருதரம் துடித்தது.

அவள் ஒன்பதாம் பக்கத்துக்குத் திரும்பி வந்தாள். அது கருத்துரைஞருக்கு ஒதுக்கிய பக்கம்.

மலர் அடித்த அச்சகத்துக்கு விழா மலர் வருடத்துக்கு இரண்டு வந்தால் பெரிய காரியம். அவர்கள் பிழைப்பு கல்வெட்டில்தான். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாளில் படமும் புகழும் போட்டு வீட்டார் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தைத்தான் நாங்கள் கல்வெட்டு என்போம். கையில் எப்போதும் தயாராக இருந்த கல்வெட்டுப் பக்கத்திலேயே இளையதம்பியின் படத்தையும் ஏற்றிவிட்டார்கள். படத்தைச் சுற்றி முட்டை வடிவச் சட்டம். இரு பக்கமும் குத்துவிளக்கு. கீழே ஒரு பக்கம் "தோற்றம்" என்று அவர் பிறந்த திகதி. மறுபக்கம் "மறைவு" என்று விழா நடந்த திகதி. எதிர்ப்பக்கத்தில் சோமசேகரத்தின் செய்தி. "அன்னார் சிரித்த சிரிப்பு எம் நெஞ்சங்களில் என்றும் நிலைத்திருக்கும்."

"இஞ்சாருங்கோ," என்றாள் சுவர்ணா. "நீங்கள் நேற்று செத்துப்போட்டியளாம்."

"ஆர் சொன்னது?"

"சோமசேகரம் ஐயா. கையெழுத்தும் வைச்சிருக்கிறார்."

இளையதம்பி புட்டை வாயில் வைத்தபடி எட்டிப் பார்த்தார். குத்துவிளக்குகளுக்கு நடுவிலிருந்து அவரே அவரைப் பார்த்தார். கழுத்தை நீட்டி, தன் மறைவுத் திகதியை வாய்விட்டு வாசித்தார். ஞாயிற்றுக்கிழமைதானே விழா, சரிதான் என்றார்.

"அப்ப இதிலை இருந்து ரெண்டாந்தரம் புட்டுக் கேட்டது ஆர்?"

கேட்டு முடிப்பதற்குள் அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. சேலைத் தலைப்பை எடுக்கக் கை போனது, போய்ச் சேரவில்லை. சிரித்தாள். நிறுத்தி, எதிர்ப்பக்கத்தை ஒருதரம் வாசித்து, மறுபடியும் சிரித்தாள். கிணற்றடி தாண்டி, வாழை தாண்டி, கடைசி வரம்புவரை போகிற அதே சிரிப்பு. பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தாராம். இளையதம்பி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கன்னத்தில், வாயின் ஓரத்தில், ஒரு சிறு மடிப்பு விழுந்தது. போனது. மறுபடி விழுந்தது. அவர் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் இருந்து அழுதார். செத்த மனிதன் அழலாமா என்று கேட்டு அவள் இன்னும் சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை இளையதம்பி வாசிகசாலைக்கு வந்து கருத்துப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். "விழா மலர். ஒன்பதாம் பக்கம். மனிசி சிரிச்சவ. நானும் சிரிச்சன்." கையெழுத்து வைத்தார்.

வினோஜா ஏழாம் இலக்கத் தீர்மானத்தை எடுத்து இரண்டு தரம் வாசித்தாள். படம் உள்ள நூல். வாசகர். கைப்பட. எல்லாம் சரியாக இருந்தன. கண்ணாடி அலுமாரியில் "அரிய வெளியீடுகள்" வரிசையில் வைத்திருந்த விழா மலரை எடுத்து, "நகைச்சுவைச் சித்திர நூல்" என்று ஒட்டி, அந்த வகைக்கு ஒதுக்கிய அலுமாரித் தட்டில் வைத்தாள். தட்டு காலியாகத்தான் இருந்தது. விதிப்படி இன்னும் இரண்டு கருத்து தேவை. உதயகலா துடைப்பத்தைச் சாத்திவிட்டு வந்து மாட்டுத் தீவனப் பக்கத்தைப் பார்த்து ஒன்று எழுதினாள். வினோஜா மற்றதை எழுதினாள். பதினொரு மணிக்கு மலர் இரவலுக்குத் தயார்.

ஒரு மாதத்துக்குள் மருதனார்மடம் சந்தையில் மரக்கறி நிறுக்கிறவர்கள்கூட ஒன்பதாம் பக்கத்தைப் பற்றிக் கதைத்தார்கள். இரவலுக்குப் பெயர் கொடுத்துவிட்டு ஆட்கள் வரிசையில் காத்திருந்தார்கள். பேப்பர் பார்க்க வராதவர்கள் எல்லாம் கருத்து எழுத வந்தார்கள். நானும் எழுதினேன். நாற்பத்தொரு கருத்து. நாற்பத்தொன்றும் ஒரே சொல்.

சோமசேகரம் வந்து எண்ணிக்கையைப் பார்த்து அசந்துபோனார். வாசிகசாலை வரலாற்றில் எந்த நூலுக்கும் இப்படி ஒரு வரவேற்பு இருந்ததில்லை. தட்டில் ஒட்டியிருந்ததைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார்.

"என்ரை செய்தி எத்தினையாம் பக்கம், பிள்ளை?"

"எட்டு ஐயா."

"எல்லாரும் சிரிச்சது ஒன்பதிலைதானே?"

"ஒன்பதெண்டுதான் இளையதம்பி ஐயா எழுதியிருக்கிறார்."

அவருக்குத் திருப்தி. மலருக்கு இரண்டாம் பதிப்புப் போடுவது என்றும், அதை வெளியிட இன்னொரு பெருவிழா எடுப்பது என்றும் அன்றைக்கே குழு தீர்மானித்தது. பின்னேரம் அவரே நேரில் இளையதம்பி வீட்டுக்குப் புறப்பட்டார். குலையோடு வாழை இரண்டு வேண்டும் அல்லவா? துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

படலையில் நின்றது சுவர்ணா. படலைக்கு உள்ளே அல்ல, வெளியே, தெருவில். சேலைத் தலைப்பு இடுப்பில் செருகியிருந்தது. சோமசேகரம் இரண்டாம் பதிப்பைப் பற்றிச் சொன்னார். இந்த முறை பக்கம் தொண்ணூற்றாறு, ஆசிச்செய்தி ஐம்பது, பேச்சாளர் பத்தொன்பது பேர் என்றார். சொல்லச் சொல்ல அவள் இரண்டு கன்னமும் மெல்ல மெல்ல மேலே ஏறின. இடப்பக்கம் கொஞ்சம் பிந்தித்தான் ஏறியது, ஆனாலும் ஏறியது.

"வாழை தாறம் ஐயா," என்றாள். "முன்வரிசையிலை எனக்கொரு கதிரை போடுங்கோ. பேச்சு ஒண்டையும் குறைச்சுப்போடாதையுங்கோ."

சோமசேகரம் குறிப்புப் புத்தகத்தை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.